பாதியில் நிற்கும் வேலை முடங்கிய முதல்



நம்மில் பலருடைய கடையில் ஒரு நோட்டு இருக்கும். இருப்புக் கணக்கு எடுப்பதற்கென்றே வாங்கிய நோட்டு. முதல் நான்கு பக்கங்களில் துவரம் பருப்பு, உளுந்து, கடலைப் பருப்பு, புளி, வற்றல் என்று நல்ல கையெழுத்தில் எழுதி, மூட்டை எத்தனை, சில்லறை எத்தனை என்று கோடு போட்டுக் குறித்திருப்போம். ஐந்தாம் பக்கத்தில் மசாலாச் சாமான் தொடங்கி, சோம்புக்கு நேரே எடை எழுதாமல் நின்றிருக்கும். அன்றைக்கு யாராவது வந்திருப்பார்கள். அல்லது லாரி வந்திருக்கும். அல்லது கரண்ட் போயிருக்கும். அதற்குப் பிறகு அந்த நோட்டு திறக்கப்படவே இல்லை. அடுத்த வருஷம் வேறு நோட்டு வாங்குவோம்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் காலை ஐந்தரை மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிறவரைச் சோம்பேறி என்று யார் சொல்ல முடியும்? உழைக்க அஞ்சாத நாம், குறிப்பிட்ட சில வேலைகளை மட்டும் ஏன் தொடங்குவதில்லை, தொடங்கினாலும் ஏன் முடிப்பதில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். சரக்கு நிலவரமும் வரி விவரமும் படித்துப் பழகிய நமக்கு இது புதுப் பாடமாகத் தோன்றலாம். ஆனால் இதுவும் முதலைப் பற்றிய பாடம்தான். மூட்டையில் போட்ட பணம் மூட்டை விற்றால்தான் திரும்பும். வேலையில் போட்ட நேரமும் அப்படியே. நான்கு பக்கம் எழுதி நிறுத்திய இருப்புக் கணக்கினால் நான்கு பக்க அளவுக்குக்கூடப் பயன் கிடையாது. அது கிட்டங்கியின் மூலையில் அடுக்கி வைத்து மறந்துபோன சரக்கு.

நாற்பது நிமிஷக் கணக்கு

பிறருக்குப் பாடம் சொல்லும் முன் நமது குறையைச் சொல்லிவிடுவது முறை.

கொடைக்கானல் மேல்மலைப் பூண்டு நமது மண்டிக்கு நெடுங்காலமாக வருகிறது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று மலையின் அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் பூண்டு உண்டு. 2019ஆம் ஆண்டில் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நம் வணிகர்கள் அறிவார்கள். மலை விவசாயிகள் பலர் விதைக்கும் உரத்துக்கும் மண்டியில் முன்பணம் வாங்குவார்கள். பூண்டு எடுத்ததும் சரக்கை அங்கேயே அனுப்புவார்கள். விற்ற தொகையில் முன்பணம், லாரி வாடகை, இறக்குக் கூலி, கமிஷன் கழித்து மீதியை நாம் கொடுக்க வேண்டும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் மன்னவனூர் விவசாயி ஒருவருடைய சரக்கு மூன்று நடையாக வந்தது. முதல் இரண்டு நடைக்குக் கணக்கு எழுதியாயிற்று. மூன்றாம் நடையின் லாரி வாடகைச் சீட்டு மட்டும் எங்கோ போய்விட்டது. சீட்டு கிடைக்கட்டும், மொத்தமாக மூடிவிடலாம் என்று கணக்கை அப்படியே வைத்தோம். அவர் இரண்டு முறை மலையிலிருந்து இறங்கி வந்தார். "இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன் முதலாளி, அப்படியே பாத்துட்டுப் போலாம்னு" என்றார். அந்தப் பேச்சுக்கு என்ன பொருள் என்பது நமக்குத் தெரியாதா? செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, "அடுத்த வாரம் முழுசாத் தீத்துடலாம்" என்று அனுப்பினோம். இரண்டு முறையும் அதையேதான் சொன்னோம்.

நான்கு மாதம் ஓடிற்று. மார்கழியில் அவர் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு அவருடைய மகன் வந்தார். "அப்பா வீட்டுல ஒரு தொகை சொல்லியிருந்தாருங்க. நீங்க என்ன எழுதி வச்சிருக்கீங்கன்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார். எழுதி வைத்திருந்தால்தானே சொல்வதற்கு! மறுநாள் வரச் சொல்லிவிட்டு அன்றிரவு உட்கார்ந்தோம். லாரி ஆபீஸுக்குப் போன் செய்ததும் வாடகையை ஐந்தே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்கள். கணக்கு முழுவதும் முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று.

நமக்கு வந்த தொகை அவர் வீட்டில் சொன்ன தொகையைவிடக் குறைவு. மூன்றாம் நடையில் ஈரம் பட்ட பூண்டுக்குக் கழித்ததை அவர் அறிந்திருக்கவில்லை. நாம் சொல்லவும் இல்லை. நமது கணக்கு சரியானதுதான். ஆனாலும் இறந்து போனவர் வாயால் சொன்ன தொகையும், பணம் கொடுக்க வேண்டியவர் அவர் போன பிறகு எழுதிய தொகையும் வேறுபட்டால், எதை நம்புவார்கள்? அவர் சொன்ன தொகையையே கொடுத்தோம். மகன் எண்ணி வாங்கிக்கொண்டு, "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த பருவத்தில் அந்த வீட்டுப் பூண்டு நமக்கு வரவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்கள் இருவருடைய பூண்டும் வரவில்லை. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மலையிலிருந்து கோபம் இறங்கி வருவதில்லை. சரக்கு இறங்கி வராமல் போகும், அவ்வளவுதான்.

தேதி இல்லாத வேலைகள்

அதே நான்கு மாதத்தில் நாம் வேறு கணக்கு எதுவும் எழுதவில்லையா என்றால், எழுதினோம். மாதாமாதம் ஜி.எஸ்.டி. விவரங்களைத் தாக்கல் செய்தோம். பதினொன்றாம் தேதிக்குள் விற்பனை விவரம், இருபதாம் தேதிக்குள் 3பி. ஒரு மாதமும் தவறவில்லை. தவறினால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரிக்குப் பதினெட்டு சதவீத வட்டி. ஆகவே கணக்கு எழுதத் தெரியாமலோ, நேரம் இல்லாமலோ, உடம்புக்கு முடியாமலோ அந்த விவசாயியின் கணக்கு நின்றுவிடவில்லை. அதற்குத் தேதி இல்லை, அபராதம் இல்லை. அதனால் நின்றது.

கடையில் நடக்கும் வேலைகளைக் கவனித்துப் பார்த்தால் சில வேலைகள் தாமே நம்மைக் கூப்பிடும். வாடிக்கைக்காரர் எதிரே நிற்பார், போன் அடிக்கும், லாரிக்காரர் ஹாரன் அடிப்பார். சில வேலைகளுக்கு அரசாங்கம் தேதி வைத்திருக்கிறது. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை, எடைக்கற்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. இவற்றை முனகிக்கொண்டாவது செய்துவிடுகிறோம். கூப்பிடாத, தேதியும் இல்லாத வேலைகள்தான் நிற்கின்றன. இருப்பு எடுப்பது, நிலுவைப் பட்டியல் போடுவது, காலாவதியாகும் பாக்கெட்டுகளைப் பிரித்து முன்னே வைப்பது, வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் கணக்குத் தீர்ப்பது, மகனுக்கோ மகளுக்கோ கொள்முதல் சொல்லிக் கொடுப்பது. நம் முதலின் பெரும்பகுதி இந்த வேலைகளில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது வேடிக்கை.

இவற்றிலும் ஒன்றுக்கு மறைவாக ஒரு தேதி உண்டு. கடனுக்குக் கொடுத்த சரக்கின் பாக்கிக்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி வழக்குப் போட மூன்று வருஷம்தான் அவகாசம். தவணை பேசாத கடனுக்குச் சரக்குக் கொடுத்த நாள் முதலும், தவணை பேசிய கடனுக்குத் தவணை முடிந்த நாள் முதலும் அந்த மூன்று வருஷம் எண்ணப்படும். அதற்குள் பாக்கிதாரரிடம் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று கையெழுத்துடன் எழுதி வாங்கினால், கையெழுத்திட்ட நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். வருஷம் ஒரு முறை நிலுவைப் பட்டியல் போட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கி வைப்பது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் வராமலே எத்தனை கடைகளில் பேரேட்டுப் பாக்கி வெறும் மையாகிப் போயிருக்கிறது என்பதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை.

முறத்தைப் பார்க்க வேண்டும்

அடுத்த வைகாசியில் மன்னவனூருக்குப் போனோம். துக்கம் கேட்க முன்பே போயிருக்க வேண்டும். அதுவும் தள்ளிப்போன வேலைதான்.

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரம் இருக்கும். வழியில் பூம்பாறை. மலைச் சரிவை வெட்டிப் படிப்படியாக அமைத்த காடுகளில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். மன்னவனூரில் 1965ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் கிளை நடக்கிறது. மெரினோ ஆடுகளையும் முயல்களையும் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். நாம் போன வீடு அதைத் தாண்டி. மேல்மலையில் பூண்டு வருஷத்தில் இரண்டு முறை நடப்படுகிறது; வைகாசியை ஒட்டி ஒரு முறை, கார்த்திகையை ஒட்டி ஒரு முறை. நாம் போனபோது அந்த வீட்டில் நடவுக்கு விதைப்பூண்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

விதைப்பூண்டு உடைப்பதைப் பார்க்காத வணிகர்களுக்காகச் சொல்கிறோம். அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டுக் காத்த பூண்டை இறக்கி, ஒவ்வொரு தலையாகப் பிரித்து, ஒவ்வொரு பல்லாக எடுத்து, காயம் பட்டதையும் சிறுத்ததையும் ஒதுக்க வேண்டும். ஏக்கருக்கு இருநூறு கிலோவுக்கு மேல் விதை வேண்டும். கூடத்தில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அந்த அம்மாள் வேறு இரண்டு பெண்களுடன் முறத்தை மடியோரம் வைத்து உடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க முதலாளி" என்று சொல்லிக் காப்பி போடச் சொன்னார், கை நிற்கவில்லை. பழைய கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நமக்குத்தான் என்ன பேசுவது என்று தெரியவில்லை. "இத்தனை மூட்டையும் இன்னைக்கேவா?" என்று கேட்டு வைத்தோம்.

"நாளைக்கு நடவாள் வர்றாங்க, இன்னைக்கு முடிக்கணும். மூட்டையப் பாத்தா கை வராதுங்க. மொறத்தப் பாத்துத்தான் உடைக்கணும்" என்றார்.

இறங்கி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சைத்தான் நினைத்துக்கொண்டு வந்தோம். அதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று முறம். அது ஒரு வேலையின் அளவு. நிறைந்தால் கண்ணுக்குத் தெரியும். கவிழ்த்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். நாம் 'இருப்பு எடுக்க வேண்டும்' என்று மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். 'இன்று கீழ் அலமாரி மட்டும்' என்பதே நம்முடைய முறம். இரண்டாவது, நாளை வரப்போகும் நடவாட்கள். அந்த அம்மாளின் வேலை முடிகிற இடத்தில் வேறு சிலருடைய வேலை தொடங்குகிறது. முடிக்காவிட்டால் கூலிக்கு வந்தவர்கள் சும்மா நிற்பார்கள். அபராதம் போட அங்கே அதிகாரி இல்லை. ஆனால் தேதி இருக்கிறது, அந்தத் தேதியை அறிந்த மனிதர்களும் இருக்கிறார்கள்.

போணியும் பிள்ளையார் சுழியும்

தொடங்குவதற்கு ஊக்கம் வரட்டும் என்று காத்திருப்பதே பெரும்பாலும் நாம் செய்யும் தவறு. ஊக்கம் என்பது காலையில் வந்து கதவைத் தட்டும் பால்காரர் போல நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் அனுபவத்தில் அது வேலை தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்துத்தான் வந்திருக்கிறது. முதல் போணி ஆகும் வரை கடையில் இருக்கும் மந்தத்தையும், ஒரு ரூபாய்க்காவது போணி ஆனபின் கையில் வரும் வேகத்தையும் அறியாத வணிகர் உண்டா? அதனால்தான் நம் பெரியவர்கள் முதல் போணியை விலை குறைத்தாவது கொடுத்து அனுப்பினார்கள்.

நம் தொழிலில் தொடக்கத்துக்கென்று இப்படி எத்தனையோ வழக்கங்கள் இருக்கின்றன. வெற்றுத் தாளில் முதலில் பிள்ளையார் சுழி போடுகிறோம். அதைப் போட்ட பிறகு அது வெற்றுத் தாள் இல்லை. படியால் அளக்கும்போது முதல் படியை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லி அளக்கிறோம். பக்தி, சகுனம் என்பதெல்லாம் இருக்கட்டும். இவற்றில் மனித மனத்தைப் பற்றிய ஓர் அறிவும் இருக்கிறது.

அமெரிக்காவில் கார் கழுவும் கடை ஒன்றில் நூனஸ், ட்ரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனையின் முடிவு 2006ஆம் ஆண்டு வெளியாயிற்று. சில்லறை வணிகர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். வாடிக்கைக்காரர்கள் முந்நூறு பேருக்கு அட்டை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை கார் கழுவும்போதும் அட்டையில் ஒரு முத்திரை. கட்டங்கள் நிறைந்தால் ஒரு முறை இலவசம். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள அட்டை. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம். ஆனால் அதில் இரண்டு கட்டங்களுக்கு முன்கூட்டியே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் இருவரும் எட்டு முறைதான் வர வேண்டும். எட்டுக் கட்ட அட்டைக்காரர்களில் அதை நிறைத்தவர்கள் 19 சதவீதம். இரண்டு முத்திரை முன்பே பெற்றவர்களில் 34 சதவீதம். அவர்கள் வந்த இடைவெளியும் குறைவு. ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலை என்று தோன்றினாலே மனிதன் அதை முடிக்கப் பார்க்கிறான்.

இதைக் கொண்டு வாடிக்கையாளர் அட்டை அச்சடிப்பது உங்கள் சாமர்த்தியம். நாம் சொல்ல வந்தது நமது வேலையைப் பற்றி. நாளை இருப்பு எடுப்பதென்றால் இன்று இரவு கடை சாத்தும் முன் நோட்டை எடுத்து, சுழி போட்டு, தேதி எழுதி, சரக்குப் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதிவிடுங்கள். முதல் இரண்டு சரக்கை எடையும் போட்டுவிடுங்கள். நாளைக் காலை நீங்கள் தொடங்கப் போவதில்லை, தொடரப் போகிறீர்கள்.

எங்கே, எப்போது என்பதையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஜெர்மனியைச் சேர்ந்த கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞர் 1990களில் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார். கிறிஸ்துமஸ் முன்னிரவை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாட்களுக்குள் ஓர் அறிக்கை எழுத வேண்டும். ஒரு சாராரிடம் எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்பதை முன்கூட்டியே குறித்துத் தரச் சொன்னார். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் குறித்த காலத்தில் எழுதி முடித்தார்கள். மற்றவர்களில் எழுதி முடித்தது மூன்றில் ஒரு பங்கினர்தான். இரு சாராருக்கும் எண்ணம் இருந்தது. ஒரு சாராருக்கு இடமும் நேரமும் இருந்தன. "இந்த வாரம் நிலுவைப் பட்டியல் போட வேண்டும்" என்பது எண்ணம். "வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டதும், கல்லாவில் உட்காராமல், உள் அறையில் பேரேட்டுடன் உட்கார வேண்டும்" என்பது ஏற்பாடு. கல்லாவில் உட்கார்ந்து பட்டியல் போட்டு முடித்தவரை நாம் இதுவரை பார்த்ததில்லை.

பாதி மலை ஏறிய பாதை

தொடங்குவதற்கு இத்தனை வழக்கம் வைத்த நம் முன்னோர், முடிப்பதற்கென்று அதிகம் வைக்கவில்லை என்பது நமது மனக்குறை. விஜயதசமிக்கு ஏடு தொடங்குகிறோம். புதுக் கணக்குக்குப் பூஜை போடுகிறோம். பழைய கணக்கை மூடியதற்கு யாரும் சூடம் காட்டுவதில்லை.

முடிவதற்கு எத்தனை காலம் பிடிக்கலாம் என்பதற்கு மேல்மலைப் பூண்டு இறங்கி வரும் பாதையே சாட்சி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதைக்கு 1870களில் லா என்ற ஆங்கிலேய மேஜர் தடம் வகுத்தார். அதனால்தான் அது 'லாஸ் காட்' எனப்பட்டது. பாதை முழுமையாக முடிந்தது 1914இல். பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது 1916இல். இடைப்பட்ட காலத்தில் கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலும், ஆட்கள் தூக்கும் நாற்காலியிலும், கால்நடையாகவும்தான் போனார்கள். பாதி மலை வரை வெட்டிய பாதையால் பாதி லாரிச் சரக்கைக்கூடக் கொண்டுவர முடியாது. கடைசி வளைவு முடியும் வரை அதில் போட்ட பணம் அத்தனையும் தூங்கும் பணமே. சர்க்காருக்கு அது தாங்கும். நமக்கு நாற்பது வருஷம் தாங்குமா?

வேலைகள் ஏன் கடைசியில் நிற்கின்றன என்று நமது மண்டியில் நின்ற வேலைகளை வைத்தே யோசித்துப் பார்த்தோம். பெரும்பாலும் ஏதோ ஒரு சிறு துண்டு கிடைக்காததால்தான் நின்றிருக்கின்றன. ஒரு லாரிச் சீட்டு, ஒரு கையெழுத்து, கிட்டங்கிச் சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லாதது. அந்தத் துண்டு கிடைக்கும் வரை முழு வேலையையும் மூடி வைக்கிறோம். பிறகு துண்டைத் தேட வேண்டும் என்பதும் மறந்து, வேலையே கடினம் என்ற எண்ணம் மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது. ஆகவே கிடைக்காத துண்டைத் தனி வேலையாகப் பிரித்து, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். 'லாரி வாடகை' என்று இடம் விட்டு, 'லாரி ஆபீஸ், நாளை பத்து மணி' என்று எழுதியிருந்தால் நமது நாற்பது நிமிஷம் நான்கு மாதமாகியிருக்காது.

காலத்தைக் குறைத்து மதிப்பிடுவதும் ஒரு காரணம். கனடாவில் 1994இல் வெளியான ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். ஆனது 55 நாள். படித்த பிள்ளைகள் தங்கள் சொந்த வேலையைப் பற்றிச் சொன்ன கணக்கு இது. ஒரு மதியத்தில் இருப்பு எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்து, இருட்டும்போது பாதிகூட ஆகவில்லை என்றால் மனம் விட்டுப் போகிறது. போன வருஷம் எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்து அதையே எழுதிக்கொள்வது நல்லது. மனம் சொல்லும் கணக்கைவிட நாள்வழி சொல்லும் கணக்கு நம்பகமானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில கடைக்காரர்கள் கணக்கைத் திறக்காமல் இருப்பது சோம்பலாலும் அல்ல, மறதியாலும் அல்ல. பயத்தால். வியாபாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது, வெளியில் வட்டிக்கு வாங்கியிருக்கிறது, கூட்டினால் என்ன தொகை வருமோ என்ற பயம். அப்படிப்பட்டவரிடம் முறத்தைப் பற்றியும் முத்திரை அட்டையைப் பற்றியும் பேசிப் பயன் இல்லை. அவர் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். நமக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவர் இரண்டு வருஷம் பேரேட்டைத் திறக்கவில்லை. வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் இருவர் போய் உட்கார்ந்து, அவர் வாசிக்க வாசிக்க நாம் எழுதினோம். அவர் பயந்த தொகையில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் வந்தது. அதுவும் சிறிய தொகை அல்ல. அடைக்க அவருக்கு மூன்று வருஷம் பிடித்தது. கடை இன்றும் நடக்கிறது. உங்கள் வீதியில் அப்படி ஒருவர் இருந்தால், கடன் கொடுக்க முடியாவிட்டாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கலாம்.

தொடங்கிய எல்லாவற்றையும் முடித்தே தீர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நமது மண்டியில் அப்பளம் போட்டு விற்கலாம் என்று ஒரு யோசனை ஏழு வருஷம் அலமாரியில் இருந்தது. இயந்திரத்தின் விலைப்பட்டியல், மாதிரி உறை எல்லாம் சேர்த்து வைத்திருந்தோம். ஒரு நாள் எடுத்துக் கிழித்துப் போட்டோம். அதுவும் ஒரு முடிவுதான். அன்று இரவு நல்ல தூக்கம் வந்தது.

இப்போது நடப்பது

இப்போது மலைச் சரக்கு இறங்கினால் அன்று மாலையே கணக்குச் சீட்டுத் தொடங்கிவிடுகிறோம். விவசாயியின் பெயர், முன்பணம், மூட்டை, எடை என்று தெரிந்த வரை அப்போதே நிரப்பிவிடுகிறோம். பிள்ளையார் சுழிக்குக் கீழே ஆறு வரி அன்றே நிறைந்துவிடுகிறது. தெரியாத வரிக்கு நேரே யாரைக் கேட்க வேண்டும் என்பதும் நேரமும் எழுதுகிறோம். ஈரத்துக்கோ அழுகலுக்கோ கழித்தால், கழித்த கையோடு போனில் சொல்லிவிடுகிறோம். சரக்கு விற்ற ஏழாம் நாள் கணக்குத் தீரும் என்று சீட்டின் தலைப்பிலேயே அச்சடித்துவிட்டோம். அதைப் படம் எடுத்து விவசாயிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் தேதியை நாம் மதிப்பதில்லை. மன்னவனூரில் ஒருவர் அறிந்த தேதியை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆரம்பத்தில் கணக்குப்பிள்ளை முணுமுணுத்தார். ஏழாம் நாள் விவசாயி போன் செய்துவிடுகிறாராம். செய்யட்டும் என்றோம். சென்ற பங்குனியில் முடிந்த பருவத்தில் மேல்மலைக் கணக்குகளில் இரண்டு மட்டும் ஏழு நாளைத் தாண்டின. ஒன்று வங்கி விடுமுறையால். மற்றது நமது தவறு. பத்தாம் நாள் காலையில் நாமே போன் செய்து தொகையைச் சொல்லிப் பணத்தை அனுப்பினோம்.

அந்தக் குடும்பத்தின் பூண்டு இன்னும் வேறு மண்டிக்குத்தான் போகிறது. சந்தையில் பார்த்தால் மகன் நின்று பேசுகிறார். போன மாதம் விதைப்பூண்டு விலை கேட்டார், சொன்னோம்.